பள்ளிக்கூட மைதானத்தில் டிராக் போட வசூல் பண்ணப் போகிறோம், எங்கிருந்து ஆரம்பிப்பது?

வண்ணை வாசி:

எல்லோருக்கும் வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டையில் இருக்கிறேன். இங்கே ஒரு மாநகராட்சிப் பள்ளி, நான் படித்ததும் அங்கேதான், இப்போது என் பெண் ஏழாவது படிப்பதும் அங்கேதான். அவளோடு சேர்ந்து இருபது பிள்ளைகள் தினமும் காலை ஐந்தரைக்கு எழுந்து ஓடுகிறார்கள். எங்கே என்கிறீர்கள், தெருவில். பள்ளிக்கு மைதானம் இல்லாமல் இல்லை, ஆனால் ஐப்பசியில் முதல் மழை பெய்தால் தை பிறக்கும் வரை அது குளம், தண்ணீர் வற்றிய பிறகு மேடு பள்ளம், கண்ணாடிச் சில்லு. போன மாதம் முக்கு திரும்பும்போது மீன்பாடி வண்டி ஒன்று குறுக்கே வந்து ஒரு பையனுக்கு முட்டியில் நாலு தையல். நல்லவேளை அதோடு போனது.

அன்று சாயங்காலம் டீக்கடையில் நின்று பேசிக்கொண்டிருந்தபோதுதான் பழைய மாணவர்கள் ஏழெட்டுப் பேர், நாமே ஒரு டிராக் போட்டால் என்ன என்று ஆரம்பித்தோம். மறுநாளே வாட்ஸ்அப் குழு. இப்போது அதில் 140 பேர் இருக்கிறார்கள், தினமும் பூப்படத்தோடு காலை வணக்கம் வருகிறது, வேலைதான் நகரவில்லை. பேச்சில் இருப்பது நேரு ஸ்டேடியத்தில் உள்ள மாதிரி சிந்தடிக், அதாவது ரப்பர் தளம், 400 மீட்டர், எட்டு லேன், எட்டுப் பேர் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகிற மாதிரி. மைதானம் இரண்டு ஏக்கர் இருக்கும் என்பது என் கண்ணளவு. ஏப்ரல், மே லீவில் காசிமேடு, தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை என்று வீடு வீடாக ஏறி இறங்கலாம் என்று திட்டம்.

எவ்வளவு ஆகும்? பணத்தை யார் பெயரில் வாங்குவது, இப்போதைக்கு என் ஜிபே நம்பரைப் போட்டுவிடலாமா? வெளிநாட்டில் இருப்பவர்கள் அனுப்பலாமா? இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சில வருஷம் முன்னால் இதே தெருக்களில் வேறு ஒரு காரியத்துக்கு வசூல் நடந்தது, அந்தப் பணம் என்ன ஆனது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. நான் கதவைத் தட்டினால் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

ரிட்டயர்டு பி.டி.:

தம்பி, பள்ளியில் பி.டி. மாஸ்டராக, அதாவது விளையாட்டு ஆசிரியராக, முப்பது வருஷம் விசில் ஊதினவன் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். 400 மீட்டர் டிராக் என்றால் நேர்ப்பகுதி ஒவ்வொன்றும் 84.39 மீட்டர், வளைவின் ஆரம் 36.50 மீட்டர், லேன் ஒன்று 1.22 மீட்டர். எட்டு லேனும் போட்டால் நீளம் 177 மீட்டர், அகலம் 93 மீட்டர் கிட்டே வந்துவிடும். நாலு ஏக்கருக்கு மேலே. நான் வேலை பார்த்த எந்தப் பள்ளியிலும் அவ்வளவு காலி இடம் கண்டதில்லை. உங்கள் இரண்டு ஏக்கரையும் நான் நம்பவில்லை, டேப் பிடித்து அளந்துவிட்டு வாருங்கள். கண்ணளவில் எல்லா மைதானமும் பெரிதாகத்தான் தெரியும், அதுவும் நாம் சின்ன வயதில் ஓடின மைதானம் என்றால் கேட்கவே வேண்டாம்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு 200 மீட்டர் டிராக் தாராளம். நேர்ப்பகுதி 50 மீட்டர், உள்கோட்டின் ஆரம் 15.72 மீட்டர் வைத்தால் நாலு லேனோடு 92க்கு 42 மீட்டரில் அடங்கிவிடும். உள்பக்கம் ஓரக்கட்டை வைக்காமல் வெறும் கோடு போடுகிறீர்கள் என்றால், ஓட்டத்தின் தூரத்தைக் கோட்டிலிருந்து 20 செ.மீ. வெளிப்பக்கம் தள்ளித்தான் அளக்க வேண்டும். புதிதாக டிராக் போடுகிறவர்கள் தவறு செய்வது இந்த இடத்தில்தான், கோட்டின் மேலேயே அளந்துவிடுவார்கள்.

அப்புறம் சிந்தடிக். 13 மில்லிமீட்டர் ரப்பர் விஷயம்தான், ஆனால் அதற்குக் கீழே தார்த் தளம், அதற்கும் கீழே ஜல்லி, எல்லாம் இஞ்ச் சுத்தமாக இருக்க வேண்டும். முழு அளவில் போட்டால் கோடிகளில் போகும், போட்டு முடித்தும் எட்டுப் பத்து வருஷத்தில் மேல்தளத்தைப் புதுப்பிக்க வேண்டும், அந்தப் பணத்துக்கு மறுபடி யார் கதவைத் தட்டுவது? மண் டிராக் என்றால் மட்டரகம் என்று யாராவது சொன்னால், மில்கா சிங் 1960 ரோமில் நாலாவது வந்தது கரித்தூள் டிராக்கில்தான் என்று சொல்லுங்கள். ஒலிம்பிக்கிலேயே செயற்கைத் தளம் வந்தது 1968 மெக்சிகோவில்தான்.

கோடு போடச் சுண்ணாம்பு வேண்டாம். கண்ணில் பட்டால் பிள்ளைகளுக்கு ஆபத்து, காலும் வெந்துபோகும். நான் கடைசிப் பத்து வருஷம் கல் கோலமாவுதான் வாங்கினேன். மார்கழியில் விலை ஏறும், அதற்கு முன்னாலேயே மூட்டையாக வாங்கி வைத்துவிடுவேன்.

முக்கியமான விஷயம்: வசூலுக்குப் போவதற்கு முன்னால் அந்தக் கோலமாவில் ஒரு தடவை முழு டிராக்கையும் வரைந்து பிள்ளைகளை ஓடவிடுங்கள். நோட்டீசைப் பார்த்து நூறு ரூபாய் கொடுக்கிறவர், தன் தெருப் பிள்ளை அந்தக் கோட்டுக்குள் ஓடுவதைப் பார்த்தால் ஆயிரம் கொடுப்பார்.

மண்ணடி மைனர்:

பாத்ரூமுக்குக் கதவு இருக்கிறதா என்று முதலில் பார்த்தீர்களா? டிராக்காம், சிந்தடிக்காம். போட்டோ எடுத்துப் போட நன்றாக இருக்கும்.

வண்ணை வாசி:

மைனர், நியாயமான கேள்விதான். கதவு இருக்கிறது, தாழ்ப்பாள்தான் இரண்டில் இல்லை. நீங்கள் எழுதின பிறகு நேற்று போய் மாட்டிவிட்டு வந்தேன், 160 ரூபாய் ஆனது. போட்டோ எடுக்கவில்லை.

பி.டி. சார், ரொம்ப நன்றி. குழுவில் உங்கள் பதிலைப் போட்டதும் சிந்தடிக் கட்சி பாதியாகிவிட்டது.

ரசீது புக்:

நான் ஒரு ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்க்கிறேன், அதனால் பணத்தைப் பற்றி மட்டும். உங்கள் ஜிபே வேண்டாம், ஒரு ரூபாய்கூட வேண்டாம். நீங்கள் யோக்கியர்தான், ஆனால் உங்கள் கணக்கில் வந்து விழுந்த பணம் உங்கள் வருமானமா என்று நாளைக்கு ஒரு கேள்வி வந்தால் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். அதைவிட, பழைய வசூல் கதையை நீங்களே சொல்லிவிட்டீர்கள். ஒருவர் பெயரில் பணம் இருந்தால் அந்தக் கதை மறுபடி ஆரம்பிக்கும்.

இடம் மாநகராட்சியுடையது. தலைமையாசிரியர் "செய்யுங்க சார், சந்தோஷம்" என்று வாயால் சொன்னது அனுமதி ஆகாது. பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று இருக்கும், 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அதில் நாலில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்கள். அந்தக் குழுவில் தீர்மானம் போட்டு, தலைமையாசிரியர் வழியாக மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகையில் கல்வித் துறைக்கு மனு போக வேண்டும். எழுத்தில் அனுமதி வராமல் ஒரு லோடு மண்கூட இறக்காதீர்கள். இறக்கின மண்ணை அள்ளச் சொன்னால் அள்ளுகிற கூலியும் உங்கள் தலையில்தான்.

அந்த மனுவோடு 'நமக்கு நாமே' திட்டத்தையும் விசாரியுங்கள். பொதுமக்கள் மூன்றில் ஒரு பங்கு கட்டினால் மீதியை அரசு போடும் திட்டம் அது. மூன்று லட்சத்து வேலைக்கு நீங்கள் ஒரு லட்சம் திரட்டினால் போதும் என்றால் வசூல் எவ்வளவு சுலபம் பாருங்கள். பணம் உங்கள் கைக்கு வராமல் நேராக மாநகராட்சிக்குப் போவதால், எங்கே போனது என்ற பேச்சுக்கும் இடமில்லை. நாள் பிடிக்கும், டெண்டர் அது இது என்று இழுக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். அரசுப் பள்ளிகளுக்காக 2022 டிசம்பரில் ஆரம்பித்த 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' என்ற வழியும் இருக்கிறது, உங்கள் பள்ளி அதில் வருமா என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள்.

வரிவிலக்கு கேட்பவர்கள் வருவார்கள். 80ஜி, அதாவது நன்கொடைக்கு வருமான வரிவிலக்கு தரும் அனுமதி உள்ள அமைப்பு ரசீது கொடுத்தால்தான் அது கிடைக்கும், ரொக்கமாக 2000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கிடைக்காது, புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு எப்படிக் கொடுத்தாலும் கிடையாது. இதைக் கேட்டதும் பாதிப்பேர் "சரி விடுங்க, ரசீது மட்டும் கொடுங்க" என்பார்கள். வெளிநாட்டு விஷயம்: துபாயில் இருக்கிறவர் இந்திய பாஸ்போர்ட்காரர் என்றால் தன் சம்பாத்தியத்தை வங்கி வழியாகத் தாராளமாக அனுப்பலாம். அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்ட பழைய மாணவர் என்றால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகிவிடும், எஃப்சிஆர்ஏ என்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவு இல்லாமல் தொடக்கூடாது. அவர் பாசத்தில் அனுப்பினாலும் வாங்காதீர்கள்.

கடைசியாக, அந்த டீக்கடைச் சுவரில் ஒரு கரும்பலகை. வாரா வாரம் வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு, கையிருப்பு இவ்வளவு, சாக்பீசில். எக்செல் ஷீட்டை யாரும் திறக்க மாட்டார்கள், டீ குடிக்கிறவர் பலகையைப் படிக்காமல் இருக்க மாட்டார்.

காசிமேட்டு அக்கா:

ஏப்ரல், மே மாசத்தில் எங்கள் பக்கம் வராதே தம்பி. ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடை, 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. வீட்டில் இருக்கிற நகை அடகுக்கடைக்குப் போகிற நேரம் அது. அப்போது வந்து டிராக்குக்குக் காசு கேட்டால் கொடுக்க மனசு இருந்தாலும் கை வராது, இல்லை என்று சொல்லும்போது எங்களுக்கும் சங்கடம். தடை முடிந்ததும் உடனே வராதே, ஸ்கூல் திறக்கிற செலவு, படகு ரிப்பேர் பண்ணின கடன் எல்லாம் அப்போதுதான் கழுத்தைப் பிடிக்கும். ஆடியிலும் வேண்டாம், கூழ் ஊற்றுகிற வசூல் தெருவுக்கு மூணு நடக்கும். ஒன்று இப்போதே, மாசியிலேயே வா, இல்லையென்றால் ஆவணி கழித்து வா.

எப்படி வருவாய் என்பதும் இருக்கிறது. காலையில் ஏலம் நடக்கும்போது வந்து நோட்டீஸ் நீட்டினால் தண்ணீரில் நனைந்து காலடியில்தான் கிடக்கும். பத்து மணிக்கு மேல், வியாபாரம் முடிந்து பாத்திரம் கழுவி டீ குடிக்கிற நேரத்தில் வா, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வா. எங்கள் தெருவில் ஒரு பொண்ணு செருப்பில்லாமல் ஓடி மாவட்டப் போட்டி வரைக்கும் போனாள். அவள் அம்மா கூடையில் மீன் விற்கிறவள், அவளே நூறு ரூபாய் கொடுப்பாள். மொத்தமாகப் பெரிய தொகை கேட்காதே. ஒரு மீட்டர் ஆயிரம் ரூபாய் என்று வை, 200 மீட்டர். நாங்கள் பத்துப் பேர் சேர்ந்து ஒரு மீட்டர் வாங்குவோம், சீட்டு கட்டுகிற மாதிரி. இது எங்கள் மீட்டர் என்று சொல்லிக்கொள்ள ஆசையாக இருக்கும். கல்லில் பெயர் எல்லாம் வேண்டாம், அந்தப் பலகையில் எழுதினால் போதும்.

லெவல் டியூப்:

எல்லாரும் டிராக்கைப் பற்றிப் பேசுகிறீர்கள், தண்ணீரைப் பற்றி யாரும் பேசவில்லை. நான் சைட் சூப்பர்வைசர், திருவொற்றியூர்க்காரன். ஐப்பசியிலிருந்து தை வரை குளம் என்று முதல் பாராவிலேயே எழுதியிருக்கிறீர்கள். அந்த மைதானத்தின் மேல் செம்மண் கொட்டினால் அடுத்த டிசம்பரில் அது சேறு, அதற்கடுத்த ஜனவரியில் வசூல் பண்ணினவர் தெருவில் தலைகாட்ட முடியாது.

நம் பக்கத்தில் பழைய பள்ளி மைதானம் ஏன் நிறைகிறது? ஒவ்வொரு தடவையும் பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன்மேலேயே புது ரோடு போட்டுத் தெரு உயர்ந்துவிட்டது, மைதானம் அதே இடத்தில் நின்றுவிட்டது. முதல் செலவு மொத்தம் ஐந்நூறு ரூபாய்க்குள்தான்: இருபது மீட்டர் ட்ரான்ஸ்பரன்ட் ட்யூப், ஒரு குடம் தண்ணீர், இரண்டு பிள்ளைகள். ட்யூபில் காற்றுக் குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையைத் தெருவில் ஒருவர், இன்னொரு முனையை மைதானத்தில் ஒருவர் பிடித்தால் இரண்டிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும், தரையிலிருந்து அதன் உயரத்தை ஸ்கேலில் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். மூன்று இடம் பாருங்கள்: தெரு நடு, மைதானத்தின் தாழ்ந்த மூலை, வெளியே மழைநீர் வடிகாலின் அடித்தளம். அந்தத் தாழ்ந்த மூலையைவிட வடிகாலின் அடி கீழே இருந்தால் பிழைத்தீர்கள், பைப் போட்டுத் தண்ணீரை விட்டுவிடலாம். மேலே இருந்தால் சம்ப், அதாவது தரைக்குள் தொட்டி கட்டி மோட்டார் வைக்க வேண்டும், அது வேறு செலவு. உறிஞ்சு குழி வெட்டலாம் என்று யாராவது சொல்வார்கள். கடலோரத்தில் கார்த்திகை மாசம் நிலத்தடி நீரே மேலே வந்து நிற்கும், குழி எதை உறிஞ்சும்?

வண்ணை வாசி:

இரண்டு ஞாயிறு போனது, அதனால்தான் பதில் தாமதம். பி.டி. சார், உங்கள் வாய் முகூர்த்தம், மைதானம் 88க்கு 46 மீட்டர். கணக்குப் போட்டால் சரியாக ஒரு ஏக்கர். என் இரண்டு ஏக்கரில் பாதி காணோம். மூலைக்கு மூலை குறுக்கே அளந்தாலும் 99 மீட்டர்தான் வருகிறது, நூறு மீட்டர் ஓட்டம்கூட நேராக வைக்க முடியாது. அதைக் கேட்டு என் பெண் முகம் விழுந்துவிட்டது. வடமேற்கு மூலையில் ஒரு தூங்குமூஞ்சி மரம் வேறு, அதை வெட்டக் கூடாது என்று பள்ளி ஆயா சண்டைக்கு வந்துவிட்டார்.

லெவல் ட்யூப் அண்ணே, எட்டாவது படிக்கிற இரண்டு பையன்களைப் பிடிக்க வைத்து நீங்கள் சொன்னபடி பார்த்தோம். தெருவைவிட மைதானம் ஒன்றரை அடி பள்ளம். ஆனால் வடிகாலின் அடி, தாழ்ந்த மூலையைவிட முக்கால் அடி கீழே இருக்கிறது! பிறகு தண்ணீர் ஏன் போகவில்லை என்று காம்பவுண்டு சுவரோரம் கட்டட இடிபாட்டைத் தள்ளிப் பார்த்தால், சுவரில் பழைய காலத்து ஓட்டை ஒன்று இருக்கிறது, முறம் அகலம். வெளிப்பக்கம் அதை அடைத்து நடைபாதை போட்டிருக்கிறார்கள். எத்தனை வருஷமாக அடைந்து கிடந்ததோ, நான் அதே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து மதியச் சாப்பாடு சாப்பிட்டிருக்கிறேன்.

லெவல் டியூப்:

அடடா, பாதிச் செலவு மிச்சம். ஆனால் நடைபாதையை நீங்களாக உடைக்காதீர்கள், டிராக்குக்குக் கொடுக்கிற அதே மனுவில் அதையும் சேர்த்து எழுதுங்கள், வார்டு உதவிப் பொறியாளரை நேரில் கூட்டிவந்து காட்டுங்கள். இன்னொன்று, பெருமழையில் வடிகால் நிரம்பினால் அதே ஓட்டை வழியாகச் சாக்கடை உள்ளே வரும், அதனால் ஒருபக்கம் மட்டும் திறக்கிற மூடி கட்டாயம். மைதானத்தின் நடுவில் ஒரு தொட்டி, அங்கிருந்து டிராக்குக்கு அடியில் ஆறு இஞ்ச் பைப், இதெல்லாம் முடிந்த பிறகுதான் செம்மண். டிராக் உள்பக்கமாக மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் சரிவு, அதற்கு மேல் வேண்டாம்.

இந்த இடத்தில் மூன்று லேன்தான் அடங்கும் போல, அந்த அகலத்துக்கு மட்டும் அரை அடி உயர்த்தினால் ரோலர் அடித்து நாற்பது யூனிட் மண் (யூனிட் என்றால் நூறு கன அடி) நிற்க வேண்டும், அமுங்குவதையும் சேர்த்து ஐம்பது யூனிட் சொல்லுங்கள். மூன்று யூனிட் டிப்பரில் பதினேழு லோடு. உங்கள் தெருவில் டிப்பர் திரும்புமா என்று இப்போதே பாருங்கள்.

ரிட்டயர்டு பி.டி.:

88க்கு 46 என்றால் நாலு லேன் ஆசையை விட்டுவிடுங்கள், மூன்று லேன். நேர்ப்பகுதி 42 மீட்டர், உள்கோட்டின் ஆரம் 18.27 மீட்டர். மொத்தம் 86க்கு 44 வரும், நாலு பக்கமும் சுவருக்கும் டிராக்குக்கும் நடுவே ஒரு மீட்டர் கிடைக்கும். வளைவில் வேகமாக வருகிற பிள்ளை சுவரில் மோதாமல் இருக்க அந்த ஒரு மீட்டர் வேண்டும், அதில் கை வைக்காதீர்கள். வெளி லேன் சுற்றளவு அதிகம் என்பதால், ஒரு முழுச் சுற்று ஓட்டத்துக்கு இரண்டாவது லேன் பிள்ளை 7.67 மீட்டர் முன்னால் நிற்க வேண்டும், மூன்றாவது லேன் அதற்கு மேல் இன்னொரு 7.67. மரம் மூலையில்தானே நிற்கிறது, வளைவு அந்த மூலையைத் தொடாது, ஆயாவிடம் சொல்லிவிடுங்கள்.

பெண் முகம் விழுந்தது என்றீர்களே, நீளவாக்கில் 60 மீட்டர் ஓட்டம் வைக்கலாம். ஆரம்பத்தில் 3 மீட்டர், ஓடி நிற்க 17 மீட்டர், மொத்தம் 80. எட்டு மீட்டர் மிச்சம். புறப்பாடு பழக அறுபதே போதும்.

வண்ணை வாசி:

சார், அவளிடம் சொன்னேன், உடனே அறுபதுக்கு எத்தனை விநாடி எடுத்தால் நல்லது என்று கேட்கிறாள், நீங்களே வந்து பதில் சொல்லுங்கள்.

மேலாண்மைக் குழு கூட்டம் வெள்ளிக்கிழமை, தீர்மானம் எழுதிவிட்டோம், அதில் முதல் வரி டிராக் இல்லை, வடிகால். டீக்கடைக்காரர் பலகைக்குச் சம்மதித்துவிட்டார், ஒரு கண்டிஷன், மேலே கடை பெயரையும் எழுத வேண்டுமாம். அக்கா, மாசி முடிவதற்குள் பத்து மணிக்கு மேல் வருகிறோம், மீட்டர் கணக்கு உங்களிடமிருந்தே ஆரம்பிக்கட்டும்.

வரும் ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கோலமாவில் வரைகிறோம், இரண்டு மூட்டை வாங்கியாயிற்று. பக்கத்தில் இருப்பவர்கள் யாரிடமாவது 50 மீட்டர் டேப் இருந்தால் எடுத்து வாருங்கள், எங்களுடையது போன வாரம் 30 மீட்டரில் அறுந்துவிட்டது.